தட்டும் கடிகாரமும்: மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியின் பன்னாட்டு வடிவங்களும் கல்வராயன் மலைச் சமையலும்

ஆய்வுச் சுருக்கம்

1990ஆம் ஆண்டு பிரித்தானியாவில் தோன்றிய 'மாஸ்டர்செஃப்' என்னும் தொலைக்காட்சிச் சமையல் போட்டி, பல நாடுகளில் பல மொழிகளில் மறுஆக்கம் பெற்றுள்ளது. அதன் பிரித்தானிய, ஆஸ்திரேலிய, அமெரிக்க, இந்திய, தமிழ் வடிவங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் சிறுதானியச் சமையலை உரைகல்லாகக் கொண்டு, போட்டியின் அமைப்பு எவ்வகை உழைப்பைச் சமையலாக மதிக்கிறது, எதனைக் கணக்கில் கொள்ளாது விடுகிறது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாஸ்டர்செஃப், வீட்டுச் சமையல், கல்வராயன் மலை, சாமை, பெண்களின் உழைப்பு, தொலைக்காட்சி.

முன்னுரை

தமிழகத்துப் பேருந்து நிலைய உணவகங்களில் 'மாஸ்டர்' என்னும் சொல் அடுப்படியில் கூலிக்கு நிற்கும் ஆணையே குறிக்கும். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் முதலிய வழக்குகள் இதற்குச் சான்று. வீட்டில் நாள்தோறும் சமைக்கும் பெண்ணை அச்சொல்லால் எவரும் அழைப்பதில்லை. 2021 ஆகஸ்டு 7 அன்று சன் தொலைக்காட்சியில் 'மாஸ்டர்செஃப் தமிழ்' ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, சமையலைத் தொழிலாகக் கொள்ளாதோர் அப்பட்டத்துக்குப் போட்டியிட்டனர். வீட்டுச் சமையலுக்கும் தொழில்முறைச் சமையலுக்கும் இடையிலான பழைய வேலியை அந்நிகழ்ச்சி தாண்டியது போலத் தோன்றிற்று. ஆயினும், வேலியைத் தாண்டி உள்ளே வரத்தக்க வீட்டுச் சமையல் எது என்பதை யார், எந்த அளவுகோலால் முடிவு செய்கின்றனர் என்னும் வினா எஞ்சுகிறது. இவ்வினாவுக்கு ஒரு நாட்டின் நிகழ்ச்சியை மட்டும் பார்த்து விடை காண இயலாது.

வடிவத்தின் தோற்றமும் பரவலும்

திரைப்பட இயக்குநர் ஃபிராங்க் ராடம் உருவாக்கிய மாஸ்டர்செஃப், 1990இல் பிபிசி தொலைக்காட்சியில் லாயிட் கிராஸ்மன் தொகுத்து வழங்க ஒளிபரப்பாயிற்று. மூன்று நிறச் சமையற்கூடங்களில் மூவர் தத்தம் விருந்தைச் சமைத்தனர். ஒரு சமையற்கலைஞரும் ஒரு பிரமுகரும் விருந்தினராக வந்து சுவைத்தனர். அது மேட்டுக்குடி வீட்டு விருந்தின் சாயலைக் கொண்டிருந்தது. 2005இல் ஜான் டொரோடு, கிரெக் வாலஸ் ஆகியோரை நடுவர்களாகக் கொண்டு நிகழ்ச்சி புதுப்பிக்கப்பட்டபோது விருந்தின் சாயல் மங்கித் தேர்வின் சாயல் கூடியது. போட்டியாளர்கள் உணவக அடுப்படிகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

2009இல் ஆஸ்திரேலியாவின் நெட்வொர்க் டென் அலைவரிசை இதனை வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பாகும் நெடுந்தொடராக மாற்றியது. அவ்வாண்டின் இறுதிப்போட்டியை 37 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 2010 ஜூலை 25 அன்று நடைபெறவிருந்த பிரதமர் வேட்பாளர் விவாதத்தின் நேரம், அன்றைய மாஸ்டர்செஃப் இறுதிப்போட்டியோடு மோதாதவாறு மாற்றியமைக்கப்பட்டது. போட்டியாளரின் குடும்பக் கதை, பயிற்சி வகுப்பு, கண்ணீர், நட்பு ஆகியவை சேர்ந்த இந்த ஆஸ்திரேலிய அச்சே பின்வந்த பல நாட்டு வடிவங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 2010இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையிலும் அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவின் ஸ்டார் பிளஸ் அலைவரிசையிலும் புதிய வடிவங்கள் தொடங்கின.

இவற்றுள் மாறியவை பல, மாறாதவை இரண்டு. அமெரிக்காவில் நடுவரின் சினம் காட்சிப்பொருளாயிற்று. இந்தியாவில் நடிகர் அக்ஷய் குமார் நடுவரிசையில் அமர்ந்தார். தமிழில் நடிகர் விஜய் சேதுபதி தொகுப்பாளரானார். தனியொருவர் முன்வைக்கும் தட்டும், அதனை முடிக்கச் சொல்லும் கடிகாரமும் மட்டும் எங்கும் மாறவில்லை.

வளைந்து கொடுத்த விதிகள்

போட்டியின் அமைப்பு மாற்றவியலாதது என்று கருத வேண்டியதில்லை. 2012இல் அமெரிக்க வடிவத்தில் பார்வையற்றவரான கிறிஸ்டீன் ஹா பங்கேற்றபோது அவருக்கு உதவியாளர் ஒருவர் அளிக்கப்பட்டார். வியட்நாமியக் குடும்பப் பின்னணி கொண்ட அவரே அவ்வாண்டு வெற்றி பெற்றார். 2015இல் இந்திய வடிவத்தின் நான்காம் பருவம் முழுவதும் சைவ உணவுக்குரியதாக நடத்தப்பட்டது. இறைச்சியும் மீனும் அன்றாட உணவாக உள்ள பெரும்பகுதி மக்களின் சமையல் அப்பருவத்தில் இடம்பெற வழியில்லாது போயிற்று. முதல் நிகழ்வில் விதி ஒரு மனிதரை உள்ளே கொணர வளைந்தது. இரண்டாம் நிகழ்வில் ஒரு பெருந்திரளின் உணவை வெளியே நிறுத்த வளைந்தது. ஆகவே எந்தச் சமையலுக்காக விதி வளைகிறது என்பது தொழில்நுட்பத் தேவையைக் கடந்த சமூகத் தெரிவாகும்.

புலம்பெயர்ந்தோர் கொணர்ந்த உணவுகள்

2018இல் பிரித்தானிய வடிவத்தில் மலேசியப் பின்னணி கொண்ட போட்டியாளர் ஒருவர் நாசி லெமாக்குடன் கோழி ரெண்டாங் சமைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை கூறினார். தேங்காய்ப்பாலிலும் மசாலையிலும் நெடுநேரம் வேகும் ரெண்டாங்கில் மொறுமொறுப்புக்கு இடமில்லை என்று மலேசியரும் இந்தோனேசியரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மலேசியப் பிரதமரும் கருத்துரைத்தார். ஓர் உணவை வேறோர் உணவின் இலக்கணத்தால் அளந்ததே அங்கு நேர்ந்த பிழை.

அதே ஆண்டில் ஆஸ்திரேலிய வடிவத்தில் சிங்கப்பூரில் பிறந்த தமிழரும் அடிலெய்டு நகரில் சிறை அலுவலராகப் பணியாற்றியவருமான சசி செல்லையா வென்றார். 2021 ஜூலையில் நிகழ்ந்த இறுதிப்போட்டியில் வங்காளதேசப் பின்னணி கொண்ட கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத் என்னும் உணவை முன்வைத்தார். தமிழரின் பழைய சோற்றுக்கு நெருங்கிய உறவான இவ்வுணவு நடுவர்களின் பாராட்டைப் பெற்றது. அவர் மூன்றாமிடம் பெற்றார். ஏழைகளின் காலை உணவு உலகத் திரையில் ஏறியது எனப் பலர் மகிழ்ந்தனர். இரவு முழுவதும் நீரில் ஊறவேண்டிய அவ்வுணவு, போட்டி நேரத்துக்குள் புகையூட்டிய சோற்று நீராக வடிவம் மாறியே தட்டுக்கு வந்தது என்பதும் உடன் நோக்கத்தக்கது. பெயரும் நினைவும் திரைக்கு வந்தன. ஊறும் காலம் வரவில்லை.

கல்வராயன் மலையின் அடுப்பு

காலம் பற்றிய இச்சிக்கலைக் கூர்மையாகக் காட்டும் களம் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இது, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே அமைந்துள்ளது. வெள்ளிமலை இதன் வட்டத் தலைமையிடம். மலையாளி என்னும் பழங்குடியினர் இங்குப் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளது, கேரளத்தாரைச் சுட்டுவதன்று. நெடுங்காலம் மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இம்மலையின் பழைய உணவுத் தானியங்கள். சாமைச் சோறு என்பது அடுப்பில் தொடங்கும் உணவன்று. கதிரை அறுத்து, அடித்து, உலர்த்தி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, கல் நீக்கிய பின்னரே உலை வைக்க இயலும். தானியம் மிகச் சிறிதாகவும் உமி இறுகியும் இருப்பதால் குத்துதலும் புடைத்தலுமே பெரும்பொழுதைக் கொள்ளும். சமைக்கும் நேரம் அதனினும் குறைவு. இப்பணி முழுவதும் பெண்களின் தோள்மேலேயே விழுந்தது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்களிடையே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியப் பாதுகாப்புப் பணியை மேற்கொண்டபோது, உமி நீக்கும் சிறு ஆலைகளை நிறுவுவதும் அதன் பகுதியாக இருந்தது. விதையைக் காத்தால் மட்டும் போதாது, உரலடியில் கழியும் பொழுதையும் குறைக்க வேண்டும் என்பதை அம்முயற்சி உணர்த்துகிறது.

நியாயவிலைக் கடை அரிசியும் இம்மலையின் உலையை மாற்றியுள்ளது. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. குத்தாமல் கிடைக்கும் அரிசியை நாடியதைச் சுவை மாற்றமாக மட்டும் கொள்வது பொருந்தாது. அது உழைப்பிலிருந்து பெற்ற விடுதலையுமாகும். நிலத்திலோ மரவள்ளி பரவி, சேலம், ஆத்தூர் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. உண்பதற்கு விளைந்த நிலம் விற்பதற்கு விளையும் நிலமாகியுள்ளது.

கடிகாரம் காணாத உழைப்பு

கல்வராயன் மலைப் பெண் ஒருவர் மாஸ்டர்செஃப் அரங்கில் நிற்பதாகக் கொண்டால், அவருக்குச் சாமையரிசி உமி நீங்கிக் கண்ணாடிக் குப்பியில் காத்திருக்கும். மணி அடித்தவுடன் அவர் சமைக்கலாம். ஆனால் அவருடைய திறனின் பெரும்பகுதியான உலக்கைப் பிடியும், முறத்தின் வீச்சும், தானியத்தின் காய்ச்சலைப் பல்லால் கடித்தறியும் பக்குவமும் மணி அடிக்கும் முன்பே யாரோ முடித்துவிட்ட வேலையாக மறைந்திருக்கும். எஞ்சியதைக் கொண்டு களியை உருட்டி, தட்டில் ஓரமாக வைத்து, கீரையால் அழகுபடுத்துவதே அவருக்கு வாய்க்கும் போட்டி. கூடி உழைத்து, கூடி உண்ணும் உணவு தனியொருவரின் படைப்பாகச் சுருங்கிவிடும்.

வீட்டுச் சமையல் பொது ஊடகத்துக்குள் நுழைந்தது இது முதல் முறையன்று. 1951இல் எஸ்.மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது, வாய்வழியாகவும் கைப்பழக்கமாகவும் இருந்த அறிவு அளவும் படிநிலையும் பெற்று அச்சேறியது. அதனால் தமிழ்ப் பிராமணக் குடும்பச் சமையல் நிலைத்த ஆவணமாயிற்று. எழுதப்படாத அடுப்படிகள் அந்நிலையை எட்டவில்லை. தொலைக்காட்சிப் போட்டியும் இவ்வகை ஆவணப்படுத்தலே. 2024இல் சோனி லிவ் தளத்தில் வெளியான தமிழ் வடிவத்தில், தென்னிந்திய உணவு மரபுகளைப் பதிவு செய்துவரும் ராகேஷ் ரகுநாதன் நடுவர்களுள் ஒருவராக இடம்பெற்றது, வட்டார உணவறிவுக்கு நடுவர் இருக்கையில் இடம் தரலாம் என்பதைக் காட்டுகிறது. நடுவரின் அறிவு விரிந்தாலும் தட்டும் கடிகாரமும் மாறாதவரை, உலைக்கு முந்தைய உழைப்பு காட்சிக்கு வருவதில்லை.

முடிவுரை

மாஸ்டர்செஃப்பின் பன்னாட்டு வடிவங்கள் ஒவ்வொரு நாட்டின் சுவையையும் நட்சத்திர மதிப்பையும் உள்வாங்கிக்கொள்கின்றன. பார்வையற்ற போட்டியாளருக்கும் சைவப் பருவத்துக்கும் இடம் தரும் அளவுக்கு வளைகின்றன. ஆயினும் சமையல் அடுப்பில் தொடங்கித் தட்டில் முடிகிறது என்னும் உணவகக் கருத்தையே எல்லா வடிவங்களும் அடித்தளமாகக் கொண்டுள்ளன. ரெண்டாங்கின் தோலும் பாந்தா பாத்தின் நீரும் அக்கருத்தோடு உரசியவை. கல்வராயன் மலைச் சாமை அவ்வாறு உரசக்கூட வாய்ப்பில்லாத தொலைவில் நிற்கிறது.

இது உணவுப் பண்பாட்டை ஆய்வோர்க்கும் பொருந்தும். சிறுதானிய உணவுகளைச் சமையற்குறிப்புகளாக மட்டும் தொகுத்தால், போட்டியின் கடிகாரத்தையே ஆய்வும் கையிலெடுத்ததாகும். உரலடியில் எத்தனை பேர், எவ்வளவு பொழுது, யாருக்காகக் குத்தினர் என்பதும் குறிப்பின் பகுதியாக வேண்டும். குத்திய தலைமுறையினர் மலையில் இன்னும் வாழும் காலத்திலேயே அப்பதிவு நிகழ வேண்டும்.