இளவரசியும் அணுகுண்டும்: ஒரு கணினி விளையாட்டில் ஒளிந்திருக்கும் வரலாறு

'பிரெயிட்' என்ற கணினி விளையாட்டு 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆம் திகதி எக்ஸ்பொக்ஸ் 360 சாதனத்துக்காக வெளியானது. திகதியைக் கவனியுங்கள். ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டு அன்றோடு 63 ஆண்டுகள். திட்டமிட்டுத் தெரிந்த நாளா, தற்செயலா என்ற விசாரணைக்குள் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் அந்த விளையாட்டின் கடைசிப் பக்கங்களில் அணுகுண்டு இருக்கிறது. அதில் ஐயமில்லை.

விளையாட்டுகளைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கில்லை. தாவிப் பாயும் விளையாட்டுக்கு வேண்டிய விரல் வேகமும் என்னிடம் இல்லை. மருமகன் விளையாட, பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற அளவிலேயே இதனை எழுதுகின்றேன். எழுதத் தூண்டியது விளையாட்டு அல்ல. அதற்குள் ஒரு பத்திரிகையாளரின் வாக்கியங்கள் கிடந்தமைதான்.

அமெரிக்கரான ஜொனதன் புளோ உருவாக்கிய விளையாட்டு இது. ஓவியங்களைத் தீட்டியவர் டேவிட் ஹெல்மன். மாரியோவை அறிந்தவர்களுக்கு அமைப்புப் புதியதல்ல. திட்டுக்குத் திட்டு தாவி, எதிர்ப்படும் ஜந்துக்களை மிதித்து, இளவரசியைத் தேடிச் செல்லவேண்டும். தேடிச் செல்பவன் ரிம். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த சிறிய மனிதன். இங்கே புதுமை என்னவெனில், காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றலாம். பள்ளத்தில் விழுந்து இறந்தாலும் இறக்காத கணத்துக்குத் திரும்பிவிடலாம். இப்படியே 60 படத்துண்டுகளைச் சேர்த்து முடித்தால் இறுதிக் கட்டம் திறக்கும்.

அந்தக் கட்டத்தில் இளவரசி ஒரு வீரனின் பிடியிலிருந்து தப்பி ஓடுகிறாள். ரிம் கீழே ஓடிக்கொண்டே அவளுக்கு உதவுகிறான். அவளுடைய அறையை அடைந்ததும் காலத்தைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அப்போதுதான் தெரிகிறது, நாம் பார்த்தது தலைகீழாக ஓடிய காட்சி என்பது. உண்மையில் அவள் ஓடியது ரிம்மிடமிருந்து. அந்த வீரனே அவளைக் காப்பாற்றியவன். இந்தத் திருப்பத்தை விளையாடி முடித்த எல்லோரும் காண்பார்கள். அதைப் பற்றி எழுதப்பட்டவையும் ஏராளம்.

எல்லோரும் காணாதவை வேறு இருக்கின்றன. எட்டு நட்சத்திரங்கள் விளையாட்டுக்குள் மறைக்கப்பட்டுள்ளன. அவை இருப்பதாக விளையாட்டு ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஒன்றைப் பெறுவதற்கு, ஒரு மேகம் நகர்ந்து வரும்வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். (மருமகன் மேகத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.) இன்னொன்றுக்கு, படத்துண்டுகளைப் பொருத்தாமல் வைத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுப் பொருத்தியவர் ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டியதுதான். சேரும் நட்சத்திரங்கள் ரிம்மின் வீட்டுக்கு மேலான வானத்தில் அந்திரொமீடா என்ற விண்மீன் கூட்டமாக அமைகின்றன. கிரேக்கப் பழங்கதையில் பாறையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெண் அவள். இறுதி நட்சத்திரத்துக்காக இளவரசியை ரிம் எட்டிப் பிடிக்கும்போது கண்ணைப் பறிக்கும் ஒளி, வெடியோசை. பிறகு அவள் இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது நட்சத்திரங்களைவிட முடிவுரைதான். அங்கே தாவுவதற்கு ஒன்றுமில்லை. புத்தகங்கள் திறந்து கிடக்கின்றன. அருகே நின்றால் வாசகம் தோன்றும். ரிம் இப்போது விஞ்ஞானியைப் போலத் தெரிகிறான். அளக்கிறான், அறுத்துப் பார்க்கிறான், இளவரசியைக் கண்டுபிடித்தே தீருவேன் என்கிறான். பிறகு பாலைவனத்தில் ஒரு பதுங்கு அரணின் பின்னால் முழந்தாளிட்டு, வெல்டிங் செய்பவர்களின் கறுப்புக் கண்ணாடியைக் கண்முன் பிடித்தபடி காத்திருக்கிறான். அடுத்து வருவது, காலம் உறைந்ததையும் உலகம் பிறப்பதைக் கண்ணால் கண்ட பேறு கிடைத்ததையும் பரவசத்தோடு வருணிக்கும் ஒரு பந்தி.

அந்தப் பந்தியை நான் முன்பே வாசித்திருந்தேன். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் விஞ்ஞான நிருபர் வில்லியம் லோரன்ஸ் எழுதியது அது. 1945 ஜூலை 16ஆம் திகதி விடியற்காலை 5.30 மணியளவில் நியூ மெக்சிக்கோ பாலைவனத்தில் உலகின் முதலாவது அணுகுண்டு பரிசோதிக்கப்பட்டதை நேரில் கண்டு, செப்டெம்பர் 26ஆம் திகதி அவர் பத்திரிகையில் எழுதிய விவரணம். புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. பரிசோதனைக்குப் பொறுப்பாயிருந்த கென்னத் பெயின்பிரிட்ஜ், தம்மையும் சகாக்களையும் திட்டிச் சொன்ன புகழ்பெற்ற கெட்டவார்த்தையும் அங்கேயே இடம்பெறுகிறது.

லோரன்ஸ் வெறும் பார்வையாளர் அல்லர். 1945 வசந்தத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் தலைவரான ஜெனரல் குரோவ்ஸ் அவரைத் தெரிந்தெடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார். அரசாங்கம் வெளியிடவிருந்த அறிக்கைகளை முன்கூட்டியே எழுதிவைத்தவர் அவர். குண்டு வெடித்த அன்று அந்தப் பிரதேசத்துப் பத்திரிகைகளுக்குக் கிடைத்த அறிக்கை, ஆயுதக் கிடங்கொன்று வெடித்துவிட்டது, யாருக்கும் சேதமில்லை என்றது. நூறு மைல்களுக்கு அப்பால் ஒளியைக் கண்ட சனங்களும் அதையே செய்தியாக வாசித்தார்கள். அதிகார அறிக்கைகளை அச்சுக்கு அனுப்பிப் பழகிய எங்களைப் போன்றோருக்கு 'சேதமில்லை' என்ற சொல் வரும் இடம் நன்றாகத் தெரியும்.

செப்டெம்பர் 5ஆம் திகதி, அவுஸ்திரேலியரான வில்பிரட் பேர்சற், ஹிரோஷிமாவில் காயமேதும் இல்லாதவர்கள் இனந்தெரியாத நோயால் இறந்துகொண்டிருப்பதை லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் எழுதினார். ஒரு வாரம் கழித்து, 12ஆம் திகதி, நியூ மெக்சிக்கோ பரிசோதனைக் களத்துக்குச் சென்று திரும்பிய லோரன்ஸ், கதிரியக்கக் கதைகள் ஜப்பானியப் பிரசாரம் என்ற தோரணையில் எழுதினார். 1946இல் அவருக்குப் புலிற்சர் பரிசு வழங்கப்பட்டது. அதனைத் திரும்பப் பெறவேண்டும் என்று 2004இல் குரல்கள் எழுந்தன, பரிசு பறிக்கப்படவில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம். முடிவுரையின் அந்தக் காட்சிகளில் சில பொருள்களின் பின்னால் ரிம்மைக் கொண்டுபோய், அவன் உருவம் கண்ணில் படாதவாறு மறைத்து நிறுத்தினால், புத்தகத்தின் வாசகம் மாறிவிடுகிறது. அங்கே பேசப்படுவது அவளுடைய பக்கம். நான் இங்கேதான் இருக்கிறேன், என்னைப் பார் என்று அவள் மன்றாடுகிறாள், அவன் காணவில்லை. குண்டு வெடித்த பிறகு அவள் எழுந்து நின்று கோபம் கொள்கிறாள். கோபம் தணிந்து துயரம் வருகிறது. அவளுடைய பெருமூச்சு காற்றில் மிதந்து இறங்கும் சாம்பலுக்கு ஒப்பிடப்படுகிறது. லோரன்ஸின் பரவசம் திறந்த புத்தகத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. சாம்பல், தேடி ஒளிந்து நிற்பவனுக்கு மட்டும்.

விளையாட்டின் பொருள் அணுகுண்டு மட்டுமே என்று புளோ ஒப்புக்கொண்டவரல்லர். கைவிட்டுப் போன காதலியின் கதையாகவும் வாசிக்கலாம். எனக்கு அந்தச் சாம்பல் உவமையாகப் படவில்லை. நியூ மெக்சிக்கோவில் அது உண்மையாகவே விழுந்தது. பரிசோதனைக் களத்தைச் சுற்றிப் பண்ணைகளும் சிறு ஊர்களும் இருந்தன. அங்கிருந்தவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை, அவர்கள் வெளியேற்றப்படவுமில்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தவர்கள் பலர். துலரோசா சமவெளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் புற்றுநோயால் இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தன.

கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1990இல் நிறைவேற்றியது. நெவாடா மாநிலத்துப் பரிசோதனைகளின் காற்று வீசிய பக்கத்தில் வாழ்ந்தவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். முதற்குண்டு வெடித்த நியூ மெக்சிக்கோவின் சனங்கள் சேர்க்கப்படவில்லை. 2025 ஜூலை 4ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டமொன்றின் ஊடாகவே அவர்களும் உள்ளடக்கப்பட்டார்கள். குறிப்பிட்ட நோய்களுக்கு ஆளானவர்களுக்கு ஒரு இலட்சம் டொலர். அவர் உயிருடன் இல்லையென்றால் துணைவருக்கு, அவரும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு. குண்டு வெடித்து அப்போது 80 ஆண்டுகள் நிறைவதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.