பெயர் வெட்டிய தட்டு: சென்னை காசநோய் ஆய்வைத் திரும்பப் படித்தபோது

சில வாரங்களாக, 1950களில் சென்னையில் நடந்த காசநோய் ஆய்வின் அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவ வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு இது. ஆனால் நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டில் இருந்த ஒரு எவர்சில்வர் தட்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரியப்பாவுக்கு டி.பி. வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். நாலைந்து மாதம் "சாதா இருமல்தான்" என்று நாட்டு மருந்து, கஷாயம் என்று ஓட்டிவிட்டு, சளியில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டுக்குத் திரும்பிய வாரமே பெரியம்மா ஒரு தட்டையும் டம்ளரையும் பாத்திரக் கடைக்கு எடுத்துப்போய் அவர் பெயரை வெட்டிக்கொண்டு வந்தார். மற்றப் பாத்திரங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. "அது பெரியப்பா தட்டு, தொடாதே" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதைப் பெரியம்மா மட்டுமே தனியாக, கொதிக்கிற தண்ணீரில் கழுவுவார்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷமே பெரியம்மாவுக்கு டி.பி. வந்தது. அந்தத் தட்டைக் கழுவித்தான் ஒட்டிக்கொண்டது என்று வீடே முடிவுகட்டியது. பெரியம்மாவும் அப்படித்தான் நம்பினார். இன்றைக்கும் எங்கள் உறவில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

இந்த நம்பிக்கையை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய தரவு, பெரியப்பாவுக்கு நோய் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இருந்தது.

*

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து வருவதற்கு முன் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, கூடவே குடும்பத்தை விட்டுப் பிரிந்திருப்பது. தாம்பரம் பக்கம் ரயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையப் பெயரைத் தினமும் பார்ப்பார்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் விடுதியிலிருந்து வந்த பெயர் அது.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும் வந்தன. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. விலை மலிவு, வாயால் விழுங்கலாம். இங்கேதான் கேள்வி பிறந்தது. நோயைக் குணப்படுத்துவது மருந்தா, சானடோரியமா? மருந்துதான் என்றால் நோயாளி ஏன் படுக்கையில் கிடக்க வேண்டும்? பணக்கார நாடுகளுக்கு இது கல்விப்புலக் கேள்வியாக இருந்திருக்கலாம். நோயாளிகள் லட்சக்கணக்கிலும் படுக்கைகள் சில ஆயிரங்களிலும் இருந்த இந்தியாவில் இது உயிர்ப் பிரச்சினை.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வாரிசுதான்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பாஸும், ஓராண்டுக்கு. முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியானது. ஓராண்டின் இறுதியில் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஆனால் இடநெருக்கடியும் வறுமையும் நிறைந்த வீடுகளில் கிடைத்த 86 சதவீதம் அது. கதவையே இடித்துத் திறந்த எண் என்று சொல்லலாம். 1962இல் தொடங்கிய இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம், படுக்கையை நம்பாமல் வீட்டுச் சிகிச்சையை நம்பியே வகுக்கப்பட்டது. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

*

இதுவரை பாடப்புத்தகக் கதை. எனக்கு முக்கியமாகப் பட்டவை இதன் தொடர்ச்சியாக வந்த அறிக்கைகள்.

நோயாளியை வீட்டிலேயே வைத்தால் வீட்டில் இருப்பவர்கள் கதி என்ன? அன்று எல்லாரும் கேட்ட கேள்வி இது. ஆய்வாளர்களும் இதைச் சும்மா விடவில்லை. இரண்டு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும், நோயாளியை ஓராண்டு சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டு இருந்தவர்களுக்கும் இடையே, புதிதாக நோய் வந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

வீட்டில் நோய் பரவாது என்று இதற்குப் பொருள் கிடையாது. குடும்பத்தாரில் பலருக்கு முதல் பரிசோதனையிலேயே தொற்று இருந்தது, சிலருக்கு நோயே இருந்தது. அதாவது பரவ வேண்டியதில் பெரும்பகுதி, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் இருமலோடு காற்றில் பரவிவிட்டிருந்தது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நோயாளியின் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆக, அவரைப் பிரித்து வைப்பது, வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுவது மாதிரி.

தட்டைப் பற்றி ஆய்வு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காசநோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அல்ல. எங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து இருந்தது கஷாயம் குடித்த அந்த நாலைந்து மாதங்களில். ஜன்னல் சாத்திய ஒற்றை அறையில் பெரியப்பா இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் பெரியம்மா. அப்போது எந்தத் தட்டிலும் பெயர் இல்லை.

*

இன்னொரு துணை அறிக்கை உணவைப் பற்றியது. சானடோரியத்தில் சாப்பாடு நன்றாகவே இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் வழக்கமான ஏழை வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகமாகக் கூடியது. ஆனால் கிருமி அடங்குவதில் உணவால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மருந்து ஒழுங்காகப் போனால், சாப்பாடு சுமாராக இருந்தாலும் நோய் தணிகிறது.

1961இல் இந்தச் செய்தி ஒரு விடுதலை. சத்தான உணவு வாங்க வழியில்லாதவனும் பிழைக்கலாம் என்று அது சொன்னது. ஆனால் பிற்காலத்தில் இதற்குக் கொஞ்சம் வேறு மாதிரி பொருள் கொள்ளப்பட்டது என்றே நினைக்கிறேன். 'உணவு இல்லாமலும் குணமாகும்' என்பது, 'உணவு மருத்துவத் துறையின் வேலை இல்லை' என்று ஆகிவிட்டது. பல பத்தாண்டுகளுக்கு மாத்திரை மட்டும் அரசு தந்தது. "நல்லா சாப்பிடுங்க" என்பது இலவச அறிவுரையாக நின்றுபோனது.

எங்கள் வீட்டில் அந்த அறிவுரை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தினம் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் பெரியப்பாவுக்கு. வருமானம் நின்றுபோன வீடு. அந்த முட்டை எங்கிருந்தோ வர வேண்டுமே? பெரியம்மாவின் தட்டிலிருந்துதான் வந்தது. அவர் கடைசியாகச் சாப்பிடுகிறவர். மிச்சம் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் நீராகாரம். அந்த வருஷம் அவர் எவ்வளவு மெலிந்துபோனார் என்பதை அம்மா இன்றும் சொல்வார்: "வளையல் முழங்கை வரைக்கும் ஏறும்."

1959 ஆய்வு கேட்ட கேள்வி, நோயாளி எங்கே இருந்தால் குணமாவார் என்பது. பக்கத்தில் இருப்பவர் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு 2023இல்தான் வெளிவந்தது. ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகளைச் சேர்ந்த 10,345 பேரிடம் நடந்தது. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள்: ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தொற்று உடம்புக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோருக்குக் கிருமி உள்ளேயே உறங்கிக் கிடக்கும். உடம்பு இளைக்கும்போதுதான் அது விழிக்கிறது. பெரியம்மாவுக்கு ஏன் வந்தது என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் தட்டைக் கழுவியது காரணமாக இருக்க வழியில்லை. தட்டில் விழாமல் போன சோறு காரணமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

*

சென்னை ஆய்வைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வீட்டுச் சிகிச்சை என்றால் பையில் மாத்திரையைப் போட்டு அனுப்பிவிடுவது அல்ல. அந்த ஆய்வில் நோயாளிகள் தவறாமல் மையத்துக்கு வந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், சில சமயம் சொல்லாமலே. மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பாஸ் மருந்தை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் பிரட்டும். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுவது மனித இயல்பு. இதை அவர்கள் முதலிலேயே கண்டுகொண்டார்கள். கண் எதிரே மருந்து கொடுக்கும் முறையின் வேர் இதே மையத்தின் 1960களின் ஆய்வுகளில் இருக்கிறது. வீடு ஆஸ்பத்திரிக்கு மாற்றாக இருந்தது, ஆஸ்பத்திரி வீட்டுக்கு வந்துபோனதால்தான். இதை விட்டுவிட்டு 86 சதவீதத்தை மட்டும் சொல்வது பாதிக் கதை.

போன வாரம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அக்காவுக்கு சாகுற வரைக்கும் அந்த நெனப்பு இருந்துச்சுடா. சரியாக் கழுவலையோன்னு. இதை அப்பவே ஒருத்தர் வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவர் அக்கா என்றது பெரியம்மாவை.

என்னிடம் பதில் இல்லை. அறிக்கைகள் ஆங்கிலத்தில் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தன. மருத்துவர்கள் படித்தார்கள், திட்டம் போட்டார்கள். மாத்திரை எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. கூடவே வர வேண்டிய அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை.

அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், கஷாயத்தில் மாதங்களைக் கரைக்காதீர்கள். டி.பி. என்று தெரிந்தால் வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு, குழந்தைகளுக்கு அது மிக முக்கியம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மருந்தை நடுவில் நிறுத்த விடாதீர்கள். முட்டை வாங்கினால் எல்லாருக்கும் சேர்த்து வாங்க முடியுமா என்று பாருங்கள், முக்கியமாகக் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு. தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்தே கழுவலாம்.