ஆவாரங்குச்சியும் ஹீத் துரையும்



பாகூரில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது ஆராய்ச்சி மாணவன். பொங்கலுக்கு வந்தவன், "சார், நாங்க மைக்ரோவேவ் அடுப்புல கார்பைடு நானோதூள் செய்யறோம்" என்றான். உலோக ஆக்சைடையும் கரித்தூளையும் கலந்து வைத்தால், கரி மைக்ரோவேவை உறிஞ்சி உள்ளிருந்தே சூடேறுமாம். கரியில் ஒரு பங்கு ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு போகும். மீதி உலோகத்தோடு சேர்ந்து கார்பைடு ஆகும். மணிக்கணக்கில் ஆகிற வேலை நிமிடங்களில் முடிவதால் துகள் பெரிதாக வளர நேரமில்லை.

கேட்டதும் எனக்கு ஹீத் நினைவு வந்தது.

ஜோசையா மார்ஷல் ஹீத், கம்பெனி உத்தியோகத்தை விட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தவர். கடலூரைத் தாண்டினால் நமக்குப் பக்கம்தான். நம் கொல்லர்கள் உருக்கு செய்வதைக் கவனித்து எழுதி வைத்தார்: களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டு, ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பது. நம் வயல் வரப்பில் நிற்கிற அதே ஆவாரையும் எருக்கும்தான்! தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் இப்படிப்பட்ட மூசை ஓடுகளைச் சாரதா சீனிவாசன் 1990களில் ஆராய்ந்திருக்கிறார். 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் விஞ்ஞானிகள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோ அளவு இரும்புக் கார்பைடு இழைகளைக் கண்டார்கள். அந்த வகை வாளுக்கு மூலப்பொருள் இந்திய உருக்கு.

ஹீத் 1839-ல் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது மாங்கனீசுக் கார்பைடு கொஞ்சம் சேர்த்தால் மட்டமான இரும்பிலும் நல்ல எஃகு கிடைக்கும். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கார்பைடைப் போடாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக மூசையில் போட்டார்கள். காப்புரிமைத் தொகை கட்ட வேண்டாமே! அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவர் மீதே வழக்கு. 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்பளித்தது. ஹீத் 1851-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாவம்தான். ஆனால் ஹீத்துக்கு வழக்காட ஒரு காகிதமாவது இருந்தது. அவர் பார்த்துக் கற்ற கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நானும் வகுப்பில் எஃகு என்றால் பெஸ்ஸமர் என்றுதான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பையனிடம் வழக்கைச் சொல்லி, "நீ நீதிபதியா இருந்தா?" என்றேன்.

"தனித்தனியாப் போட்டாலும் உள்ளே ஆகறது கார்பைடுதானே சார்" என்றான்.