கரையிலிருந்து கடலுக்குள்: 1943



அந்தமானில் கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறை பார்த்த படங்களை உங்களில் சிலர் அனுப்புகிறீர்கள். அந்த மூச்சுக் கருவி போர்க்காலத்தில் பிறந்தது.

ஜெர்மனி பிடித்திருந்த பிரான்சில் பெட்ரோல் பஞ்சம். கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். அதற்காகத் தேவையான அளவு மட்டும் வாயு விடும் வால்வு ஒன்றைப் பொறியாளர் எமில் கான்யான் வைத்திருந்தார். அதையே மூச்சுக்கு ஏற்றபடி மாற்றக் கேட்டார் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ.

மார்ன் ஆற்றில் முதல் சோதனை. நிமிர்ந்தால் காற்று வீணாய்ப் பீறிட்டது; தலைகீழானால் மூச்சு முட்டியது. காற்று வரும் வழியும் வெளியேறும் வழியும் வேறு வேறு மட்டத்தில், அதாவது வேறு வேறு நீரழுத்தத்தில் இருந்ததே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் சரியாயிற்று.

1943 ஜூனில் பந்தோல் என்ற ஊரில் கூஸ்தோ கரையிலிருந்து கடலில் இறங்கினார். மேலே நீந்தியபடி மனைவி சிமோன் கண்காணித்தார்; உதவிக்குப் பாய, கரையில் நண்பர் தூமா தயாராக இருந்தார்.

கண்டுபிடித்தவருக்கே இரண்டு பேர் காவல், பிள்ளைகளே! ஆழம் குறைவுதானே என்று துணையில்லாமல் இறங்காதீர்கள். மேலே வரும்போது மூச்சை அடக்கவும் வேண்டாம். 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.