கதிரையின் முன்விளிம்பு

1950களின் நடுப்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இருதய வைத்திய நிபுணர்கள் இருவர் கூட்டாகத் தொழில் செய்துவந்தனர். அவர்களது காத்திருப்பு அறைக் கதிரைகளுக்குப் புது உறையிட வந்த தொழிலாளி ஒரு விசித்திரத்தைக் கண்டார். இருக்கைகளின் முன்விளிம்பு மாத்திரம் தேய்ந்திருந்தது. எந்நேரமும் எழுந்தோடத் தயாரானவர்கள்போல நோயாளர்கள் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! வைத்தியர்கள் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில், 1974இல் வெளியான தமது நூலில், அவர்களே இதைச் சொன்னார்கள்.

இவ்விருவரும் சகாக்களுடன் 1958இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கணக்காளர் நாற்பது பேரைப் பற்றியது. அமெரிக்காவில் வருமானவரி விபரம் சமர்ப்பிக்க இறுதி நாள் ஏப்ரல் 15. அந்நாள் நெருங்க நெருங்க அவர்களது இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் ஏறியது; குருதி விரைவாக உறைந்தது. வரிக்காலம் முடிந்ததும் இரண்டும் தணிந்தன. பத்திரிகை அச்சேறும் நேரத்தில் ஆசிரியபீடத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கவனிக்க: இங்கே குற்றவாளி நாட்காட்டி. ஆனால் 1959இல் அவர்கள் சுட்டியது மனிதனை. எப்போதும் அவசரம், போட்டி, எளிதில் மூளும் சினம் கொண்டவர்கள் ‘ஏ’ வகை. நிதானமானவர்கள் ‘பி’ வகை. கலிபோர்னிய நிறுவனங்களின் ஊழியர் 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து, ‘ஏ’ வகையினருக்கு இருதயநோய் ஏறத்தாழ இருமடங்கு என்று 1975இல் அறிவித்தார்கள். முகாமையாளர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. வேலைப்பளுவைக் குறைப்பதிலும் பார்க்க, ஊழியனின் சுபாவத்தைத் திருத்தச் சொல்வது மலிவல்லவா?

அதே ஊழியர்களை 22 ஆண்டுகளின் பின் மீளாய்ந்தபோது கணக்குப் பிழைத்தது. இருதயநோய் கண்டவர்களுள் ‘ஏ’ வகையினரே குறைவாக இறந்திருந்தார்கள். இது வெளியானது 1988இல். சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. அவசரத்தைவிட உள்ளே புகையும் பகைமையுணர்வே கேடு என்று அக்காலத்து ஆய்வாளர் சிலர் கருதினர்.

இன்னொரு புகையும் இதிலுண்டு. சிகரெட் கம்பனிகளின் அந்தரங்கக் கோப்புகள் வழக்குகளால் வெளிவந்தபின், பிலிப் மொரிஸ் நிறுவனம் ‘ஏ’ வகை ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் கொடுத்துவந்த கதையை 2012இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். மாரடைப்புக்குச் சுபாவமே காரணமென்றால் சிகரெட் தப்பிக்கொள்ளும்.

இதற்கிடையே, லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு, அரசாங்க உத்தியோகத்தர்களைத் தரவாரியாகப் பார்த்தது. ஓயாத பொறுப்புச் சுமக்கும் உயரதிகாரிதான் முதலில் சாய்வார் என்பது பொது எண்ணம். இருதயநோயால் மும்மடங்குக்கு மேல் இறந்தவர்களோ அடிமட்டத்து ஏவலாளர்களும் வாயிற்காவலர்களுமே. புகைத்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 1985இல் ஆரம்பித்த இரண்டாவது ஆய்வு, தன் வேலையைத் தானே ஒழுங்குசெய்யும் அதிகாரம் ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டது. அது குறைந்தவர்களிடமே இருதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது.