யானை எங்கே நிற்கும்? சதுரங்கத்தில் எந்தப் பதிப்பை ஆடுவது என்பது பற்றி

1913ல் இங்கிலாந்தில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'லிட்டில் வார்ஸ்'. பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் பரப்பிப் போர் ஆடுவது எப்படின்னு விதி சொல்ற சின்னப் புத்தகம். இன்னொன்று எச். ஜே. ஆர். முர்ரே எழுதிய 'சதுரங்கத்தின் வரலாறு'. தலையணை மாதிரி பெருசு. ரெண்டுக்கும் தொடர்பு உண்டு. 1780ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையையே பெருக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களோடு ஒரு போர் விளையாட்டு செய்தார். அதிலிருந்து பிரஷ்ய ராணுவத்தின் போர்ப் பயிற்சி விளையாட்டு வந்தது. பிறகு வெல்ஸ், பிறகு இன்றைக்கு உலகம் முழுக்கச் சின்னப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசி ஆடுறவங்க. அவங்க கூடினா ஓயாத சண்டை ஒண்ணு உண்டு: எந்தப் பதிப்பை வாங்குவது, எந்தப் பதிப்பு விதியில ஆடுவது?

நம்ம சதுரங்கத்துக்கும் பதிப்புகள் உண்டு. அட்டையில் எண் போடலை, அவ்வளவுதான்.

எனக்கு இது ஏட்டுக் கேள்வியா வரலை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைச்சது. களமருதூர்ல இருந்துகிட்டு, பக்கத்துல இவ்வளவு நல்ல கைகள் இருக்கும்போது கடையில செட் வாங்குவானேன்? கடைச் செட் பெரும்பாலும் அமிர்தசரஸில் கடைவது. உருவம் 1849ல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் வடிவம். யானை கிடையாது, தேர் கிடையாது. நாற்படையை நாற்படையாவே செதுக்கி வாங்கணும்னு ஒரு ஆசாரியிடம் போனேன். சாமி சிலைகள் செய்கிறவர். அவர் கேட்டது ரெண்டே கேள்வி. "எது பெருசு, எது சிறுசு தம்பி? யானை எங்க நிக்கும்?" ஒரு செட்டுக்குத்தான் என்கிட்ட காசு. செதுக்கிட்டா மாத்த முடியாது. "ஒரு மாசம் டைம் குடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வந்து படிக்க உட்கார்ந்தேன்.

முதல்ல யானை.

பெயரிலேயே நான்கு அங்கம் இருக்கு: யானை, தேர், குதிரை, காலாள். மகாபாரதக் கணக்கில் ஒரு அக்ஷௌகிணி என்றால் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. அதாவது 1:1:3:5. பலகையில இந்த விகிதம் இல்லை. குதிரையும் ரெண்டுதான், யானையும் ரெண்டுதான். படையின் பெயரை எடுத்துக்கிட்டு கணக்கை விட்டுட்டாங்க.

சரி, யானை எப்படி நகர்ந்தது? பாரசீகம் வழியா அரபு நாட்டுக்குப் போன ஆட்டத்தில், ராஜாவுக்கும் மந்திரிக்கும் பக்கத்தில் நின்று, மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவியது. நடுவுல காய் இருந்தாலும் தாண்டும். கேட்க பலமா இருக்கும். போட்டுப் பாருங்க: ஒரு யானை ஆட்டம் முழுக்க 64 கட்டத்தில் 8 கட்டத்தைத்தான் தொட முடியும். பலகையிலுள்ள நாலு யானைக்கும் தனித்தனி எட்டுக் கட்டம். ஒரு யானை இன்னொரு யானையைச் சந்திக்கவே சந்திக்காது! போர்க்களத்தில் யானைகள் மோதாத ஒரு யுத்தம்.

ஒன்பதாம் நூற்றாண்டு அரபு ஆட்டக்காரர் அல் அத்லி வேறு சொல்கிறார். இந்தியர்கள் யானையை மூலையில் வைக்கிறார்கள், அது நேர்கோட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும் என்கிறார். 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல் பிரூனி மூன்றாவதா ஒண்ணு சொல்றார். யானை முன்னால் ஒரு கட்டம், நான்கு மூலைக்கும் ஒவ்வொரு கட்டம், ஆக ஐந்து திசை. தும்பிக்கை ஒன்று, கால் நான்கு, அதனால் ஐந்து என்று இங்குள்ளவர்கள் விளக்கம் சொன்னாங்களாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். விதியைப் பார்த்தாலே மிருகம் கண்ணுக்குத் தெரியுது. அதே அல் பிரூனி, அதே புத்தகத்தில், நான்கு பேர் தாயம் உருட்டி ஆடும் சதுரங்கத்தையும் விவரிக்கிறார். அதில் யானை நேர்கோட்டில் தடையில்லாமல் எவ்வளவு தூரமும் போகும். இன்றைக்கு மூலையில் நிற்கும் காய் மாதிரியே.

ஆக நாலு யானை. இதில் எது 'அசல்'? ஹிராம் காக்ஸ், 1860ல் டங்கன் ஃபோர்ப்ஸ் ரெண்டு பேரும் நாலு பேர் ஆட்டமே மூத்தது என்றார்கள். கூட்டாளிகளில் ஒரு ராஜா பதவி இறங்கி மந்திரியானார் என்பது அவர்கள் வாதம். முர்ரே அதை ஏற்கலை, இருவர் ஆட்டமே முந்தியது என்றார். எனக்கு முர்ரே சொல்றதுதான் சரியாப் படுது. ஆனா அதனால ஆசாரி கேள்விக்குப் பதில் வந்துடலை. நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூரில் ஈசனுக்கே சதுரங்க வல்லபநாதர்னு பேர். ராஜகுமாரியோட ஆடி ஜெயிச்சு மணந்தார்னு தல வரலாறு. அந்த ஆட்டத்துல யானை எப்படிப் போச்சுன்னு அந்தக் கதையும் சொல்லலை.

அடுத்தது மந்திரி. உயரப் பிரச்சினை இங்கேதான். பழைய ஆட்டத்தில் மந்திரி மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் போகும். தேர்தான் பெரிய பலம். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம் விதி மாறி, அந்தக் காய் ராணியாகிப் பலகை முழுக்கப் பாய ஆரம்பிச்சது. பழைய பதிப்புன்னா மந்திரியைக் குட்டையா, தேரை உயரமா செதுக்கணும். புதுசுன்னா தலைகீழ். தமிழ்ல இன்னொரு குழப்பமும் உண்டு. இன்றைக்கு நம்ம பிள்ளைங்க மந்திரின்னு சொல்றது மூலைவாட்டில் போகும் பிஷப்பை. ராஜா பக்கத்தில் ராணி உட்கார்ந்ததும் மந்திரி ஒரு கட்டம் தள்ளி உட்கார வேண்டியதாப் போச்சு. தேர் பலகையை விட்டே போயிடுச்சு. மூலைக்காயை நாம யானைன்னு கூப்பிடுறோம், எழுத்துத் தமிழில் கோட்டை. வங்காளத்தில் மூலையில் படகு.

இந்த ரெண்டு காலத்துக்கும் நடுவில் ஒரு பதிப்பு இருக்கு. அதிகம் பேர் கண்டுக்கிறதில்லை. போன நூற்றாண்டு வரைக்கும் இந்தியாவில் ஆடிய நாட்டு விதி. அதில் மந்திரி ஏற்கெனவே இன்றைய ராணி அளவு பாயும். ஆனா சிப்பாய் முதல் நகர்த்தலில் கூட ஒரு கட்டம்தான். காஸ்லிங் கிடையாது. பதிலுக்கு ராஜா, செக் வாங்காத வரைக்கும், ஆட்டத்தில் ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் இஷ்டத்துக்கு எதுவும் ஆகாது. அந்த நேர்வரிசையில் முதலில் எந்தக் காய் நின்றதோ அதுவாகத்தான் ஆகும். குதிரை வரிசையில் போனால் குதிரை. ராஜா வரிசையில் போனால் மந்திரி. ஊருக்கு ஊர் சில்லறை வித்தியாசம் உண்டு. சிப்பாய் மெதுவாப் போவதால், சில இடங்களில் தொடக்கத்திலேயே ஒருவர் சேர்ந்தாற்போல் பல நகர்த்தல் செய்துகொள்வார்.

மீர் சுல்தான் கான் இந்த விதியில் வளர்ந்தவர். 1928ல் அகில இந்திய சாம்பியன். 1929ல் இங்கிலாந்து போய் அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப், பிறகு 1932, 1933. இடையில் ஹேஸ்டிங்ஸில் கபாப்ளாங்காவைத் தோற்கடித்தார். தொடக்க நகர்த்தல்களில் அவர் பலவீனம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்காதா? சிப்பாய் ரெண்டு கட்டம் பாயாத, காஸ்லிங் இல்லாத ஆட்டத்தில் தொடக்கம் என்பதே வேற. ஆட்டத்தின் நடுவிலும் முடிவிலும் அவர் பலம். அது நாட்டு விதி கொடுத்த பயிற்சின்னு எனக்குத் தோணுது.

பதிப்பு மாற்றம் அதற்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. 1814ல் பம்பாயில் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரியின் சதுரங்கக் கட்டுரைகள், சமஸ்கிருதத்திலிருந்து மொழிபெயர்த்து, ஆங்கிலத்தில் அச்சானது. தலைப்பிலேயே 'ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தது' என்று போட்டிருக்கு. பிறகு 1951ல் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு, 1961ல் மேனுவல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், 1972ல் சென்னையில் அவர் தொடங்கிய தால் சதுரங்க மன்றம். எல்லாம் சர்வதேச விதி. உலகத்தோட ஆடணும்னா வேற வழியில்லை. 2022ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டின குதிரைத் 'தம்பி'யை வரைஞ்சோம். ஆடினது ஐரோப்பிய விதி. அதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வீட்டில் ஆடுறதுக்கு நான் எடுத்துக்கிட்டது நாட்டு விதி. மூத்த பதிப்புதான் உசத்தின்னு வாதாடலாம். ஆனா மூத்த பதிப்பில் யானை எப்படிப் போகும் என்பதே மூணு விதம், தவிர எட்டுக் கட்டத்தில் சுத்துற யானையோட உட்கார எதிராளி வேணுமே! நாட்டு விதின்னா, இன்றைய ஆட்டம் தெரிந்த பிள்ளைக்கு மூணு விஷயம் சொன்னா போதும், அஞ்சு நிமிஷத்தில் ஆட ஆரம்பிச்சுடும். எனக்கு முக்கியமான காரணம் அந்தச் சிப்பாய். எந்த வரிசையில் நடக்கிறோம் என்பது கடைசி வரைக்கும் பொருள் உள்ளதா இருக்கு. குறுக்கே வெட்டிப் பக்கத்து வரிசைக்கு மாறினா அவன் என்னவாக ஆவான் என்பதே மாறிடுது. அதனால ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி யோசிக்க வேண்டியிருக்கு.

அதனால ஆசாரிக்குச் சொன்னது: ராஜா உயரம், மந்திரி ஒரு விரல்கடை கம்மி. யானை மூலையில், குட்டையா, கனமா. நடுவில் குதிரை. இன்றைக்கு நாம மந்திரின்னு சொல்ற இடத்தில் தேரைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன்.

எண்ணிக்கை போடும்போது ஒண்ணு கவனிச்சேன். நாலு பேர் ஆட்டத்தில் ஆளுக்கு ராஜா, யானை, குதிரை, தேர் ஒவ்வொன்று, சிப்பாய் நாலு. எட்டு நாலு 32. இருவர் ஆட்டத்திலும் 32. யானை, குதிரை, தேர், சிப்பாய் எல்லாம் ரெண்டிலும் ஒரே கணக்கு. வித்தியாசம், ரெண்டு மந்திரிக்குப் பதில் ரெண்டு ராஜா, அவ்வளவுதான். கூடுதலா ரெண்டு ராஜா செதுக்கினால், 34 காயில் எல்லாப் பதிப்பும் ஆடிடலாம். நாலு படைக்கு நாலு நிறம் வேணுமேன்னு, ஒவ்வொரு காயின் அடியிலும் சுத்தி ஒரு பள்ளம் விடச் சொன்னேன். பாதிப் படைக்குச் சிவப்பு நூல் கட்டிடலாம்.

தாயத்துக்கும் வெளியே போக வேண்டாம். அல் பிரூனி கணக்கில் 1 விழுந்தால் சிப்பாய் அல்லது ராஜா, 2க்குத் தேர், 3க்குக் குதிரை, 4க்கு யானை. ராஜாவையே வெட்டலாம், அதுக்கு 5 புள்ளி, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்கு 2, சிப்பாய்க்கு 1. தேர் மட்டும் இந்த ஆட்டத்தில் மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். நம்ம வீட்டுத் தாயக்கட்டையில் ஒரு கட்டையை எடுத்துக்குங்க. 1, 2, 3 அப்படியே இருக்கு. வெறுமையா இருக்கிற நாலாவது பக்கம் யானைக்கு.