கிராஃபைட்

கிராஃபைட் கார்பனால் ஆன கனிமம். வைரமும் அதே கார்பன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. கிராஃபைட்டில் அவை தாள்தாளாக அமைந்திருக்கின்றன. தாள்களுக்கு இடையே பிடிப்பு மிகவும் தளர்வு. அதனால்தான் அது விரலில் ஒட்டுகிறது, காகிதத்தில் கோடாக விழுகிறது; பூட்டுக்குள் தூவினால் சாவி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது.

இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் தூய கிராஃபைட் பாளம் பாளமாகக் கிடைத்தது. இடையர்கள் அதைக் கொண்டு ஆடுகளுக்கு அடையாளமிட்டனர். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கு உட்பூச்சாகவும் உதவியதால் சுரங்கத்துக்கு ஆயுதக் காவல் போடப்பட்டது. அன்று அதை ஈயத்தில் ஒரு வகை என்றே நம்பினர். அது கார்பன் என்று 1779இல் ஷீலே காட்டினார். 1789இல் வெர்னர், எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரை வைத்தார். பழைய பிழை மட்டும் பெயர்களில் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் பென்சிலின் உள்ளீடு இன்றும் ஈயம்தான். இலங்கைத் தமிழில் கிராஃபைட்டுக்குக் காரீயம் என்று பெயர். தமிழ்நாட்டிலோ அச்சொல் ஈயத்தையே குறிக்கும்.

பிரிட்டனுடனான போரால் பாரோடேல் கல் பிரான்சுக்கு வராமல் நின்றபோது, கோன்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணுடன் பிசைந்து சுட்டுப் பென்சில் செய்தார். ஆண்டு 1795. களிமண் கூடினால் எழுத்து வெளிறும், குறைந்தால் கருமையாகும். இன்றும் பென்சில் பிறப்பது இப்படித்தான்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பெருந்தேவை பென்சிலுக்கு அல்ல, உலோகம் உருக்கும் கலமான மூசைக்கு. அந்தக் கடுஞ்சூட்டையும் கிராஃபைட் மூசை தாங்கும். இதற்கு இலங்கைக் காரீயம் பெயர்பெற்றது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அது பாறைப் பிளவுகளில் மிகத் தூய நரம்புகளாகக் கிடைக்கிறது. முதல் உலகப் போர்க்கால ஏற்றுமதி பலரைச் செல்வந்தராக்கியது. நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பமும் இத்தொழிலில் வளர்ந்ததே. தமிழ்நாட்டின் சிவகங்கைப் பகுதியில் உள்ளதோ செதில் வகை. பாறையை அரைத்துப் பிரித்தெடுக்க வேண்டும்.

1896இல் அச்சிசன் செயற்கைக் கிராஃபைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகளின் மின்முனைகள் இன்று அவ்வகையே. மிக்சி பழுதுபார்ப்பவர் ‘கார்பன் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லும் சிறு கட்டையும் கிராஃபைட் கலந்ததுதான். 1942இல் சிகாகோவில் ஃபெர்மி குழு இயக்கிய முதல் அணு உலை, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கிராஃபைட் கட்டிகளை அடுக்கிக் கட்டப்பட்டது.

கைப்பேசி, மின்வாகனப் பேட்டரிகளில் மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் போய்த் தங்குவதும் அதே தளர்ந்த தாள்களுக்கு இடையில்தான். லித்தியம் பேட்டரி என்று பெயர்; எடை போட்டால் உள்ளே லித்தியத்தைவிடக் கிராஃபைட்டே அதிகம்.